பின்சீட்டுக்காரருக்கும் பெல்ட் வேண்டும்

சென்னை-திருச்சி நான்குவழிச் சாலையிலிருந்து சேலம் சாலை பிரிகிற ஊர் உளுந்தூர்பேட்டை. தென் மாவட்டங்களுக்குப் போகும் ஆம்னி பஸ், டூரிஸ்ட் வேன் என்று ராத்திரி முழுக்க வண்டிகள் ஓயாது. 2024 செப்டம்பர் 25 அதிகாலை, திருச்செந்தூர் போய்விட்டு ஆற்காடு பக்கம் திரும்பிக்கொண்டிருந்தவர்களின் வேன், மேட்டத்தூர் அருகே சாலையோர மரத்தில் மோதியது. ஆறு பேர் இறந்தார்கள்.

இப்படி எந்த விபத்து நடந்தாலும் பேச்சு டிரைவரின் தூக்கத்தோடு முடிந்துவிடுகிறது. டிரைவருக்கு ஓய்வு வேண்டும், சரிதான். பின்னால் அசந்து தூங்கும் இருபது பேரை யார் கவனிப்பது? எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி சட்டென்று நின்றாலும், உள்ளே இருப்பவரின் உடம்பு அதே வேகத்தில் முன்னால் பாயும். முன்சீட்டுக் கம்பியோ கண்ணாடியோதான் அதைத் தடுக்கும். வண்டி கவிழ்ந்தால் இன்னும் மோசம். ஜன்னல் வழியே வெளியே விழுபவர் அதே வண்டிக்கு அடியில் சிக்கிவிடலாம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, பெல்ட் போடாத பயணிகளை ஏற்றிச் செல்பவருக்கு 1,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. நின்றபடி பயணிகள் போகும் வண்டிகளுக்கும், குறிப்பிட்ட வேறு வகை வண்டிகளுக்கும் மாநில அரசு விலக்கு தரலாம் என்றும் சொல்கிறது. ஆனால் சாலையில் பெல்ட் சோதனை என்றாலே கார்தான். 2022-ல் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி கார் விபத்தில் இறந்தபோது காரின் பின்சீட்டைப் பற்றி நாடே பேசியது. வேனின் பின்சீட்டு யார் நினைவுக்கும் வரவில்லை. பல வேன்களில் இடுப்பு பெல்ட் இருக்கவே செய்கிறது. ரெக்சின் உறை போடும்போது பாதி உள்ளே போய்விடும். மீதி சீட் இடுக்கில் கடலைத் தோலோடு கிடக்கும்.

அதற்காகக் கல்வராயன் மலை ஊர்களுக்கு ஏறும் மினி பஸ்ஸில் போய் பெல்ட் கேட்பது வீண்பேச்சு. அதில் பலர் நின்றுகொண்டுதான் போகிறார்கள். அதுவும் கிடைக்காமல் பிக்கப் வண்டியில் தொற்றிக்கொண்டு போகிறவருக்கு முதலில் வேண்டியது பஸ். ஆகவே வண்டி பெரிதா சிறிதா என்று பார்ப்பதைவிட, அதில் நின்று போகிறார்களா, உட்கார்ந்து போகிறார்களா என்று பார்ப்பதே சரி. பிரிட்டன் இப்படித்தான் பிரித்தது. 2001 அக்டோபரிலிருந்து புதிய சுற்றுலா பஸ்களிலும், நம் வேன் போன்ற சிறு பஸ்களிலும் பெல்ட் பொருத்தியாக வேண்டும் என்றது. 2006-ல் பெரியவர்கள் அதைப் போட்டே ஆகவேண்டும் என்றது. நின்று போகும் டவுன் பஸ்களை விட்டுவிட்டது.

தீப்பிடித்தால் பெல்ட் மாட்டிக்கொள்ளாதா என்பார்கள். 2025 அக்டோபரில் கர்னூல் அருகே ஆம்னி பஸ் எரிந்த பிறகு இந்தப் பயம் நியாயமே. அதற்கு அவசர வழி ஒழுங்காகத் திறக்க வேண்டும். தவிர, எழுந்து ஓட முதலில் சுயநினைவு இருக்க வேண்டுமே!

டிரைவரிடம் ஆயிரம் ரூபாய் பிடுங்குவதில் பலனில்லை. சீட்டும் பெல்ட்டும் முதலாளி பொறுப்பு. எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும், அதற்குப் பிறகு வருடா வருடமும் வண்டி தகுதிச் சான்றிதழுக்கு (எப்.சி.) வந்தாக வேண்டும். அன்றைக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒவ்வொரு சீட்டின் பெல்ட்டையும் இழுத்துப் பார்க்கட்டும். இல்லையென்றால் சான்றிதழ் கிடையாது. நின்று போகும் மினி பஸ்ஸுக்கும் டவுன் பஸ்ஸுக்கும் மட்டும் விலக்கு என்று அரசு தெளிவாக அறிவித்துவிட்டால், ஆம்னி பஸ்ஸும் டூரிஸ்ட் வேனும் நழுவ முடியாது.