போன மாதக் காய்ச்சல்

மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை நடை முடித்து பெஞ்சில் உட்காருகிறவர்களிடம் வைத்திய யோசனைக்குப் பஞ்சமே கிடையாது. அடிக்கடி காதில் விழுவது இது: "வைரல் ஃபீவர்தானே சார், அஞ்சு நாள் படுத்து எழுந்தா தீர்ந்தது." பெரும்பாலும் அது சரிதான். சரியாக வராத இடங்களைப் பற்றித்தான் எனக்கு வழக்கு.

காய்ச்சல் விட்டால் நோயும் விட்டது என்கிறார்கள். 2006 சிக்குன்குனியாவை அதற்குள் மறந்துவிட்டோமா? காய்ச்சல் போய் மாதக்கணக்கான பிறகும் மாடிப்படியைப் பக்கவாட்டில் இறங்கியவர்கள், மணிக்கட்டு மடங்காமல் காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தவர்கள் நம் வீடுகளிலேயே இருந்தார்கள். டெங்குவிலோ காய்ச்சல் இறங்குகிற அந்த ஓரிரு நாள்தான் கண்டம். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவது அப்போதுதான். கொரோனா இன்னும் ஒரு படி மேலே போனது. தொற்று ஆறிய சில வாரங்களில், சிலருக்கு மறுபடி காய்ச்சல் அடித்து இதயம், குடல், ரத்தக் குழாய் எல்லாம் ஒன்றாக அழன்றன. திருடன் ஓடிப்போன பிறகும் தடியைக் கீழே போடாத ஊர்க்காரர்கள் வீட்டுச் சாமானையே அடித்து நொறுக்குவது மாதிரி, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே செய்கிற சேதம் இது.

"அது குழந்தைகளுக்கு வருவதாயிற்றே" என்பார்கள். முதலில் தெரிந்தது குழந்தைகளிடம்தான். 2020-லேயே சென்னை மருத்துவமனைகளில் இதற்குச் சிகிச்சை பெற்ற 19 குழந்தைகளைப் பற்றி 'இந்தியன் பீடியாட்ரிக்ஸ்' இதழில் கட்டுரை வந்தது. ஆனால் அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் இதே நோய் கண்ட 27 பெரியவர்களின் விவரத்தை வெளியிட்டது. எல்லோரும் 21 முதல் 50 வயதுக்குள்.

சர்க்கரை, பிரஷர் இருப்பவர்கள் பயப்படட்டும் என்பதும் நிற்காது. 2021-ல் இந்த நோய் கண்டவர்கள் என்று உலகம் முழுவதிலுமிருந்து திரட்டிய 221 பெரியவர்களில், விவரம் தெரிந்தவர்களில் 58 சதவீதம் பேருக்கு முன்பு எந்த வியாதியும் இல்லை. பாதிக்கு மேற்பட்டவர்கள் ஐ.சி.யு.வுக்குப் போனார்கள்; 7 சதவீதம் பேர் இறந்தார்கள். அபூர்வமான நோய், ஒப்புக்கொள்கிறேன். காய்ச்சல் வந்த எல்லோரையும் எமர்ஜென்சி வாசலில் போய் நிற்கச் சொல்லவில்லை.

அடுத்தது, "டெஸ்ட் நெகடிவ், அப்புறம் என்ன கொரோனா?" என்ற கேள்வி. மூக்கில் குச்சி விட்டுப் பார்ப்பது வைரஸ் இப்போது இருக்கிறதா என்று. அது ஒரு மாதம் முன்பே கிளம்பிப் போயிருக்கலாம்; ரத்தத்தில் ஆன்டிபாடி மட்டும் வந்து போன தடயமாக நிற்கும். நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த நோயின் அறிகுறிகள் தோலில் தடிப்பு, பீளை கட்டாத சிவந்த கண், வயிற்றுப்போக்கு, குறைந்த பிளேட்லெட்: மழைக்காலத்தில் இதைப் பார்க்கிற யாருக்கும் டெங்கு, டைபாய்டு என்றுதான் முதலில் தோன்றும்.

தி.நகர் மெடிக்கல் ஷாப்பில் "போன தடவை குடுத்த அதே மாத்திரை" என்று வாங்குவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும்; இந்த அழற்சி அதற்கு அடங்காது. ஆஸ்பத்திரியில் எக்கோ, டிரோபோனின், சி.ஆர்.பி. போன்ற இதய, அழற்சிச் சோதனைகள் பார்த்து, ஸ்டீராய்டோ இம்யூனோகுளோபுலினோ கொடுப்பார்கள். ஸ்டீராய்டு என்று படித்ததும் நீங்களே வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். 2021-ல் ஸ்டீராய்டை அளவில்லாமல் போட்டுக்கொண்ட சிலருக்குக் கறுப்புப் பூஞ்சை வந்த கதை ஞாபகம் இருக்கட்டும்.

காய்ச்சல் திரும்பி வந்து, கூடவே மூச்சு வாங்கினாலோ, எழுந்து நின்றால் தலை சுற்றினாலோ அன்றைக்கே போய்விடுங்கள். "எத்தனை நாளா?" என்று டாக்டர் கேட்பார். "மூணு நாளா" என்பதோடு நிறுத்தாமல், ஐந்து வாரம் முன்பு வீட்டில் எல்லோருக்கும் சளி பிடித்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.