எழுதி வைத்த அறையும் குடி வந்த அறையும்

சித்திரைத் தேருக்கு முதல் நாள் சாயங்காலம் சமயபுரத்தில் தங்குவதற்கு ஓர் அறை தேடிப் பார்த்திருக்கிறீர்களா? திருச்சியிலோ ஸ்ரீரங்கத்திலோ உறவினர் வீடு உள்ளவர்கள் பாக்கியசாலிகள். மற்றவர்களிடம் விடுதிக்காரர் நோட்டுப் புத்தகத்தை விரித்துக் காட்டி, "எல்லாம் எழுதியாகி விட்டது, அம்மா!" என்பார். மாடியை நிமிர்ந்து பார்த்தால் பாதி அறைகளில் பூட்டுத் தொங்கும். எழுதி வைத்தவர்கள் இன்னும் வந்து சேரவில்லை. அவர்களில் சிலர் வரப் போவதும் இல்லை!

இந்தச் சங்கடம் கம்ப்யூட்டருக்குள்ளும் வெகு காலம் இருந்து வந்தது என்றால் நம்புவீர்களா?

கம்ப்யூட்டரின் மூளைக்குப் பிராசஸர் என்று பெயர். அது தன் பாட்டுக்குக் கணக்குப் போட்டுக் கொண்டிருக்கும்போதே நீங்கள் ஒரு விசையைத் தட்டுகிறீர்கள். கம்பி வழியே ஒரு கடிதம் வருகிறது. கடிகாரம் "நேரமாச்சு" என்கிறது. சமையலறையில் பால் பொங்கும்போது வாசல் மணி அடித்து, குழந்தையும் அழுதால் நாம் என்ன செய்கிறோம்? கையிலிருப்பதை அப்படியே வைத்து விட்டு, கூப்பிட்டது யார் என்று பார்த்து, அதற்கு வேண்டியதைச் செய்து விட்டு மறுபடி அடுப்படிக்கு வருகிறோம். பிராசஸரும் அப்படித்தான். இந்தக் கூப்பாட்டுக்கு 'இன்டரப்ட்' என்று பெயர். குரலை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க அதற்குத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்தான் 'வெக்டார்'. இன்ன எண் வந்தால் இன்ன காரியத்தைச் செய் என்று ஓர் அட்டவணை தயாராக இருக்கும்.

1978-இல் இன்டெல் கம்பெனி வெளியிட்ட 8086 என்ற பிராசஸரில் இந்த அட்டவணைக்கு 256 இடங்கள். இடத்துக்கு 4 பைட் வீதம் மொத்தம் 1024 பைட். அந்தக் குடும்பத்தின் இன்றைய வாரிசுகளிலும் 256தான்! இதில் 0 முதல் 31 வரை முதலாளியே தன் சொந்த உபயோகத்துக்கு என்று ஒதுக்கி வைத்துக் கொண்டார். பூஜ்யத்தால் வகுத்து விட்டால் 0; கேட்ட பக்கம் நினைவகத்தில் இல்லாவிட்டால் 14; இப்படி.

ஆனால் 1981-இல் ஐ.பி.எம். கம்பெனி தன் பர்ஸனல் கம்ப்யூட்டரைச் செய்தபோது, "அறை காலியாகத்தானே கிடக்கிறது!" என்று முதலாளியின் அறைகளிலேயே குடியேறி விட்டது. விசைப் பலகை, கடிகாரம் முதலிய சாதனங்களின் கூப்பாடுகளை 8 முதல் 15 வரையில் உட்கார வைத்தார்கள். மறு வருஷமே இன்டெல் 80286 பிராசஸரைக் கொண்டு வந்து, 8-ஐயும் 13-ஐயும் பெரிய பிழைகளுக்கு என்று எடுத்துக் கொண்டது. ஒரே கதவில் இரண்டு பேர்! தட்டுவது கடிகாரமா, பிழையா? அதனால்தான் லினக்ஸ் போன்றவற்றின் 'கெர்னல்' விழித்தவுடன் முதல் வேலையாக அந்தச் சாதனங்களை 32-க்கு மேலே குடி பெயர்த்து விடுகிறது. கெர்னல் என்பது திரைக்குப் பின்னால் இருந்து குடும்பத்தை நடத்தும் பாட்டி மாதிரி. முகம் தெரியாது, அவள் இல்லாமல் ஒரு துரும்பும் அசையாது.

மேல் கோடியிலும் சில எண்களைக் கெர்னல் தனக்கென்று வைத்துக் கொள்கிறது. லினக்ஸில் ஒவ்வொரு பிராசஸரின் சொந்தக் கடிகாரத்துக்கு 236. ஒரு பிராசஸர் மற்றொன்றை "உன் வேலைப் பட்டியலைப் பார்" என்று உசுப்புவதற்கு 253. எண் பெரிதானால் செல்வாக்கும் பெரிது. பழைய பாத்தியதையாக 128 ஒன்று நடுவே இருக்கிறது. இவையெல்லாம் போகச் சாதனங்களுக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 200. பிராசஸர் ஒவ்வொன்றுக்கும் தனி அட்டவணை என்பதால், ஒன்றின் 50-ஆம் எண் வேறு, அடுத்ததின் 50-ஆம் எண் வேறு.

இருநூறு போதாதா என்பீர்கள். போதவில்லை! 64 பிராசஸர்கள் உள்ள ஒரு பெரிய யந்திரத்தில், பிராசஸருக்கு ஒரு கூப்பாடு வீதம் கேட்கும் நெட்வொர்க் கார்டுகள் நாலு இருப்பதாக வைத்துக் கொள்வோம். மொத்தம் 256 கூப்பாடுகள். எல்லாப் பிராசஸரும் விழித்திருக்கும் வரை கவலை இல்லை, பங்கிட்டுக் கொள்ளும். யந்திரம் நெடுந்துயிலுக்குப் போகும்போதுதான் வினை. அப்போது கெர்னல் ஒன்றைத் தவிர மற்றப் பிராசஸர்களை ஒவ்வொன்றாக நிறுத்துகிறது. நிறுத்தியவற்றின் கூப்பாடுகள் எல்லாம் மிஞ்சியதன் தலையில் வந்து விழுகின்றன. 256 பேருக்கு 200 அறை! "இடமில்லை" என்று கெர்னல் கையை விரிக்க, தூக்கம் பாதியில் கலைந்து விடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த 256-இல் அநேகம் வெறும் பூட்டிய அறைகள். கார்டு பொருத்தியிருக்கும், கம்பி மாட்டியிருக்காது. இருந்தும் எண்ணை மட்டும் முதலிலேயே பிடித்து வைத்திருக்கும்.

2017-இல் தாமஸ் கிளைக்ஸ்னர் என்ற ஜெர்மானியர் இந்தப் பங்கீட்டு முறையையே பிரித்துப் போட்டுப் புதிதாகக் கட்டினார். 2018 ஜனவரியில் வந்த லினக்ஸ் 4.15-இல் அது சேர்ந்தது. சாமானியச் சாதனம் எண் கேட்டால், இப்போது கணக்கில் ஒன்று கூட்டிக் கொள்வதோடு சரி. வேலை தொடங்க அது நிஜமாகவே வந்து நிற்கும்போதுதான், காலி அதிகமாக உள்ள பிராசஸராகப் பார்த்து எண் கொடுக்கப்படுகிறது. பிராசஸருக்கு ஒன்று வீதம் கேட்கும் கார்டுகளுக்கு வேறு ஏற்பாடு: ஒவ்வொன்றிலும் இடம் உறுதி, ஆனால் அந்தப் பிராசஸர் நிறுத்தப்பட்டால் அதன் கூப்பாடும் கூடவே வாயை மூடிக் கொள்ளும். மற்றவர் தலையில் ஏறாது.

எழுதி வைத்தவர்கள் எல்லோரும் ஒரே நாளில் வந்து விட்டால்? ஆபத்துதான். கணக்கு மிஞ்சும்போது கெர்னல் எச்சரிக்கை எழுதி வைக்கும். கடைசியில் வருபவருக்கு இடம் கிடையாது. என்னைக் கேட்டால், பூட்டிய அறைகளைக் காட்டி வாசலில் நிற்பவரைத் திருப்பி அனுப்புவதை விட இது எவ்வளவோ மேல்.

ஒரு கூப்பாட்டைப் பிராசஸர் மாற்றும்போதும் கெர்னலின் ஜாக்கிரதையைப் பாருங்கள். புது எண் கொடுத்த உடனே பழையதைப் பறிப்பதில்லை. புது இடத்தில் முதல் கூப்பாடு வந்து சேர்ந்த பிறகுதான் பழைய எண் காலியாகும். புது வீட்டில் பால் காய்ச்சிய பிறகு பழைய வீட்டுச் சாவியைக் கொடுப்பது போல!

இந்த 256 கணக்கு இன்டெல் வம்சத்துக்கு உரியது. நம் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடி குழுவினர் உருவாக்கிய 'சக்தி' பிராசஸர் 'ரிஸ்க்-வி' என்ற வேறு வம்சம். 2018-இல் அதன் மேல் லினக்ஸ் ஓடியது. அங்கே வழக்கமே வேறு. கூப்பாடுகளை ஒரு குமாஸ்தா வாங்கி வைத்துக் கொள்கிறார். பிராசஸர் அவரிடம், "யார் காத்திருக்கிறார்கள்?" என்று கேட்கும். அவர் முக்கியமானவரின் எண்ணைச் சொல்வார். இருவர் சமமானால் சிறிய எண்ணுக்கு முதலிடம். யாருமே இல்லையென்றால் 'பூஜ்யம்' என்பார். பிராசஸர் தன் வேலையைப் பார்க்கத் திரும்பி விடும்.

ஆனால் அந்த வம்சமும் வளர வளர, பிராசஸருக்குத் தனித் தனியாக எண் கொடுக்க வேண்டிய புதிய ஏற்பாடு வந்தே விட்டது. 2024-இல் லினக்ஸ் அதற்கு எடுத்துக் கொண்டதும் கிளைக்ஸ்னர் எழுதிய அதே கணக்குப் புத்தகத்தைத்தான்.