வாலிபரும் வாக்காளர் ஜாபிதாவும்

இக்காலத்து மாணாக்கர் தேச காரியங்களில் சிரத்தையற்றவர் என்று முதியோர் குறைகூறுவது வழக்கமாகிவிட்டது. இதனை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. 2017-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் சென்னைக் கடற்கரையில் நிகழ்ந்ததை அறிந்தவர் எவரும் அவ்வாறு உரையார். ஜல்லிக்கட்டுத் தடையை நீக்கவேண்டுமென்று 17-ம் தேதி சிறு கூட்டமாய்த் திரண்ட வாலிபர், ஓரிரு நாட்களுக்குள் பல்லாயிரவராய்ப் பெருகினர். அவர்களை எந்தக் கட்சியும் அழைக்கவில்லை. முகநூலும் வாட்ஸ்அப்புமே தூது சென்றன. இரவில் கைப்பேசி விளக்குகளை உயர்த்திப் பிடித்து அமர்ந்திருந்தனர். குப்பையைத் தாமே பெருக்கினர். 23-ம் தேதி காலையில் போலீஸார் அவர்களைக் கலைக்கத் தொடங்கினர். அன்று மாலையே சட்டசபையில் மசோதா நிறைவேறியது. காளை விளையாட்டின் நன்மை தீமைபற்றி நம்முள் அபிப்பிராய பேதமுண்டு. அஃது இவ்விடத்தில் வேண்டா.

ஆயினும், அத்துணைப் பேரைக் கூட்டிய கருவி, கூடியவரைப் பொதுக்காரியத்தில் நிலைநிறுத்தவும் வல்லதோ? இதுவே நமது ஐயம். ஒரு செய்தியை விரலால் தொட்டுப் பிறர்க்கு அனுப்பியவுடன் கடமை தீர்ந்ததென மனம் ஆறிவிடுகிறது. அது மெய்யோ பொய்யோ என ஆராய்வாரும் சிலரே. நாமும் இக்குற்றத்திற்கு விலக்கல்லோம்.

வாக்குரிமைக்குரிய வயதை 21-லிருந்து 18-ஆகக் குறைக்க 1989-ல் அரசியல் சட்டமே திருத்தப்பட்டது. ஜாபிதாவில் பெயர் சேர்க்கும் ஆறாம் எண் படிவத்தை இன்று கைப்பேசி வாயிலாகவே அனுப்பலாம். 17 வயது நிறைந்தவர் முன்கூட்டியே விண்ணப்பிக்கவும் இடமுண்டு. இவ்வளவு எளிதாயிருந்தும், தேர்தல்பற்றி நள்ளிரவுவரை வாதிடும் நம் விடுதித் தோழர் சிலரை, 'உம் பெயர் ஜாபிதாவில் உண்டோ?' என்று வினவியபோது அவர்கள் தலைகுனிந்ததைக் கண்டோம்.

விடுதியில் வசிக்கும் மாணாக்கர் விடுதி முகவரியிலேனும் சொந்த ஊரிலேனும் பதிந்துகொள்ளலாம். கிராமத்து நண்பர் ஊரிலேயே பதிவது நன்றென்பது நம் கருத்து. ஏனெனில், அவ்வூர் ஜாபிதாவில் பெயருள்ளவரே கிராம சபையின் அங்கத்தினர். நம் மாகாணத்தில் 2022 முதல் அச்சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடவேண்டுமென ஏற்பாடாகியுள்ளது. அங்கே ஊராட்சியின் வரவு செலவை எவரும் எழுந்து கேட்கலாம். அவ்வாறு கேட்க வேண்டுமாயின் நேரில் சென்றே ஆகவேண்டும். தூது அனுப்ப இயலாது.

வரும் அக்டோபர் 2-ம் தேதி ஊரிலிருக்கும் நண்பர், தம் தெருக் குடிநீர்க் குழாயின் கணக்கையேனும் கேட்பாராக. கிடைத்த விடையை எழுதியனுப்பினால், அடுத்த மலரில் மகிழ்வுடன் வெளியிடுவோம்.