பாயிண்டுக்குக் கோயில் கட்டும் கூட்டம்

அமெரிக்காவில் பழைய பிக்கப் டிரக் வைத்திருப்பவர்களில் ஒரு கூட்டம் உண்டு. 1968 ஷெவ்ரலே சி10 ஆகட்டும், 1970 ஃபோர்டு எஃப்-100 ஆகட்டும், வண்டிக்கு ரேடியல் டயர் போடுவார்கள். பழைய ரேடியோவுக்குப் பின்னால் புளூடூத்தை ஒளித்து வைப்பார்கள். ஆனால் "டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள இருக்கற பாயிண்டைக் கழட்டிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போடலாமே?" என்று கேட்டுப் பாருங்கள். சாமி வந்துவிடும். "வண்டியோட ஆன்மாவே போயிடும்!"

ஆன்மாவாவது மண்ணாங்கட்டியாவது! அது தேய்கிற சாமான் ஐயா. பிரேக் ஷூ மாதிரி, ஃபேன் பெல்ட் மாதிரி.

பாயிண்ட் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: அம்பாசடர், பிரீமியர் பத்மினி காலத்து மெக்கானிக்குகள் 'சி.பி. பாயிண்ட்' என்பார்களே, அதேதான். காயிலுக்குப் போகும் கரண்டைத் திறந்து மூடும் குட்டி சுவிட்ச். மூடியிருக்கும்போது காயிலில் காந்தப்புலம் சேரும். திறந்த கணத்தில் அது சரிய, பல்லாயிரம் வோல்ட் கிளம்பிப் பிளக்கில் பொறியாகும். சார்ல்ஸ் கெட்டரிங் 1910 வாக்கில் காடிலாக் கார்களுக்காக உருவாக்கிய ஏற்பாடு இது. அந்தக் காலத்துக்கு அபாரமான மூளை, மறுப்பே இல்லை.

ஆனால் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். வி8 என்ஜின் ஒரு சுற்றுக்கு நான்கு பொறி கேட்கும். 4000 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு 16,000 தடவை அந்தச் சுவிட்ச் திறந்து மூட வேண்டும். ஒவ்வொரு தடவையும் அதன் முகத்திலேயே ஒரு சின்னப் பொறி விழுந்து உலோகத்தைத் தின்னும். இதைக் குறைக்கத்தான் பக்கத்தில் கண்டன்சர். அது கெட்டால் பாயிண்ட் சீக்கிரமே குழி விழுந்து கருகிப் போகும். இன்னொரு பக்கம், கேம் மேல் உரசும் ஃபைபர் கட்டை தேய்ந்துகொண்டே இருக்கும். கட்டை தேய்ந்தால் கேப் குறையும். கேப் குறைந்தால் டுவெல் ஏறும். டுவெல் ஒரு டிகிரி ஏறினால் டைமிங் ஏறத்தாழ ஒரு டிகிரி பின்தங்கும்.

அதாவது ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்துப் பார்த்து வைத்த டைமிங், திங்கட்கிழமையே நகர ஆரம்பித்துவிடும். தெரியாது. ஒரு நாள் மைலேஜ் குறையும், குளிர்காலக் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியாகப் போகும். அப்போதுதான் தெரியும்.

சரி, ஆன்மா கட்சியின் வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல் வாதம்: "ஒரிஜினலா இருக்கணும்."

எது ஒரிஜினல்? 10,000 அல்லது 12,000 மைலுக்கு ஒரு தடவை பாயிண்ட் மாற்றுவதுதான் அந்தக் காலத்து வழக்கம். ஒரு லட்சம் மைல் ஓடிய வண்டியில் குறைந்தது எட்டு செட் பாயிண்ட் குப்பைக்குப் போயிருக்கும். இப்போது உள்ளே இருப்பது ஒன்பதாவதோ பத்தாவதோ. தொழிற்சாலையில் வைத்தது எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த வண்டி குடித்து வளர்ந்த ஈயம் கலந்த பெட்ரோல்கூட அமெரிக்கச் சாலை வாகனங்களுக்கு 1996ல் தடையாகிவிட்டது. அதற்கு யாரும் கண்ணீர் விடக் காணோம்.

அதைவிட முக்கியம், பாயிண்டை முதலில் கைவிட்டது யார் தெரியுமா? வண்டி செய்த கம்பெனிகளேதான்! கிரைஸ்லர் 1973 மாடல் கார்களில் எலக்ட்ரானிக் இக்னிஷனைக் கொண்டுவந்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் 1975 மாடலில் அதே வழிக்கு வந்தன. காரணம் வெறும் ஃபேஷன் இல்லை. 1970ன் தூய காற்றுச் சட்டப்படி, புகை அளவு 50,000 மைல் வரைக்கும் வரம்புக்குள் நிற்க வேண்டும். 10,000 மைலுக்குள் தானாக நகர்ந்துவிடும் சுவிட்சை வைத்துக்கொண்டு அந்த உத்தரவாதத்தை எப்படிக் கொடுப்பது?

1972 சி10ல் இருந்த 350 வி8 பாயிண்டில் ஓடியது. 1975ல் அதே 350, பாயிண்ட் இல்லாமல் வந்தது. ஃபோர்டின் 300 சிக்ஸ் 1965ல் பாயிண்டோடு பிறந்தது, 1996ல் விடைபெறும்போது பாயிண்ட் என்ற பேச்சே இல்லை. என்ஜினின் ஆன்மா பாயிண்டில்தான் இருந்தது என்றால், இவ்வளவு காலம் ஓடியது என்ன, பேயா? :-)

இரண்டாவது வாதம்: "பாயிண்ட் போனா ரோட்டோரத்துலயே சரி பண்ணிடலாம். எலக்ட்ரானிக் போனா டோ டிரக்தான்."

இதுதான் அவர்களிடம் இருக்கும் ஒரே கனமான வாதம். உண்மையும்கூட. நகம் தேய்க்கும் அரத்தால் பாயிண்டை உரசி, தீப்பெட்டி அட்டையைக் கேப்பில் செருகி அளவு பார்த்து, வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்த விவசாயிகள் இருந்தார்கள். எலக்ட்ரானிக் மாட்யூல் பல சமயம் முன்னறிவிப்பு இல்லாமல் சாகும்.

ஆனால் வாரா வாரம் வீட்டுக்கு வந்து காய்ச்சலைக் குணமாக்கும் டாக்டரைப் புகழ்வதற்கு முன்னால், வீட்டில் ஏன் வாரா வாரம் காய்ச்சல் என்று கேட்க வேண்டாமா? ரோட்டோரத்தில் சரிசெய்ய முடிகிறது என்பது பெருமை, சரி. அடிக்கடி ரோட்டோரத்தில் நிற்க நேர்கிறது என்பது?

இதற்கு விடையும் ரொம்ப எளிது. பழைய டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே உட்காரும் கிட்கள் இருக்கின்றன. கேம் மேல் ஒரு காந்த வளையம், பாயிண்ட் இருந்த இடத்தில் ஒரு ஹால் சென்சார், வெளியே இரண்டு ஒயர். அவ்வளவுதான். கழற்றிய பாயிண்ட், கண்டன்சர், ஸ்க்ரூ எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு டேஷ்போர்டு பெட்டியில் வைத்துவிட்டால், மாட்யூல் செத்த அன்று ஸ்க்ரூடிரைவரோடு பழைய நிலைக்குத் திரும்பலாம். நகம் தேய்க்கும் அரத்தையும் கூடவே வைத்துக்கொள்ளட்டும், யார் வேண்டாம் என்றது!

இப்போது எதிர்க்கட்சிக்கும் கொஞ்சம் பூசை தேவை. "கிட் வாங்கு, மாட்டு, மறந்துடு" என்று கூவுகிறவர்கள் செய்யும் கெடுதலும் குறைவில்லை.

அந்த டிரக்குகளில் சாவியிலிருந்து காயிலுக்குப் போகும் வழியில் ரெசிஸ்டன்ஸ் ஒயர் ஒன்று இருக்கும். பாயிண்ட் கருகாமல் இருக்க, ஓடும்போது காயிலுக்கு 12 வோல்ட்டைவிடக் குறைத்துக் கொடுப்பது அதன் வேலை. ஸ்டார்ட்டர் சுற்றும்போது மட்டும் வேறு வழியில் முழு வோல்ட் வரும். இது தெரியாமல் கிட்டின் சிவப்பு ஒயரைக் காயிலின் பிளஸ்ஸில் மாட்டிவிடுகிறார்கள். ஸ்டார்ட் ஆகும். சாவியை விட்டதும் இருமும், அணையும். உடனே "எலக்ட்ரானிக்கே வேஸ்ட்டு" என்று தீர்ப்பு. சிவப்பு ஒயருக்கு ரெசிஸ்டன்ஸுக்கு முன்னாலிருந்து முழு 12 வோல்ட் கொடுத்திருந்தால் இந்தப் புலம்பலே இல்லை. காயில் எத்தனை ஓம் இருக்க வேண்டும் என்பது கிட்டோடு வரும் தாளில் இருக்கும். அதைப் படிப்பதற்கு என்ன கேடு? ஒயரை மாற்றி மாட்டினாலோ, என்ஜின் நின்றபிறகு சாவியை ஆனிலேயே விட்டாலோ, சாதாரண மாட்யூல்கள் வெந்துபோகும். அதுவும் அதே தாளில் இருக்கும்.

இன்னொன்று, எலக்ட்ரானிக் இக்னிஷன் சஞ்சீவி மூலிகை இல்லை. ஷாஃப்ட் புஷ் தேய்ந்து ஆடினால், அட்வான்ஸ் வெயிட் துருப்பிடித்து இறுகியிருந்தால், வேக்குவம் டயஃப்ரம் கிழிந்திருந்தால், கிட் அதையெல்லாம் குணமாக்காது. முதலில் அவற்றைச் சரிசெய்ய வேண்டும். மாட்டியபிறகு டைமிங் லைட் பிடித்து மறுபடி டைமிங் வைக்க வேண்டும். குதிரைத்திறன் கூடும் என்று கனவும் வேண்டாம். நன்றாக வைத்த பாயிண்டும் சாதாரண வேகத்தில் நன்றாகவே ஓடும். வித்தியாசம், ஆறு மாதம் கழித்தும் அது அப்படியே ஓடுமா என்பதில்தான்.

அந்த ஆறு மாதம்தான் உண்மையான பிரச்சினை. டுவெல் மீட்டர் பிடித்து, காதால் கேட்டே டைமிங் சொல்லும் தாத்தாக்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களின் டிரக்கைப் பெற்ற பேரனுக்கு அந்த வித்தை தெரியாது. மூன்று தடவை ஸ்டார்ட் ஆகாத வண்டியை அவன் ஷெட்டில் தள்ளுவான். ஷெட்டிலிருந்து புல்வெளிக்கு, புல்வெளியிலிருந்து காயலான் கடைக்கு. பழைய வண்டிகள் பெரும்பாலும் இப்படித்தான் சாகின்றன. பாயிண்ட் பக்தர்கள் காப்பாற்றுவதாகச் சொல்லும் பாரம்பரியம் கடைசியில் எடைக்குப் போகிறது.

மியூசியத்தில் நிற்கும் வண்டியா, நடுவர் வந்து ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் மார்க் போடும் போட்டி வண்டியா? பாயிண்ட் இருக்கட்டும், தொட வேண்டாம். ஆனால் பிக்கப் டிரக் பிறந்தது வைக்கோலும் மரக்கட்டையும் சிமென்ட் மூட்டையும் சுமக்க. அதற்குச் செய்யும் மரியாதை, இன்னமும் அதைச் சுமக்க வைப்பதுதான். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை மாட்டிவிட்டால் உள்ளே இருப்பது யார் கண்ணுக்கும் தெரியப் போவதில்லை. சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்புகிறதா இல்லையா என்பது மட்டும் தெருவுக்கே தெரியும்.