டீக்குச் சர்க்கரை சொல்லாவிட்டால் 2 ஸ்பூன்!

போன வாரம் ஜாவாஸ்கிரிப்ட்டில் ஃபங்ஷன் எழுதப் பழகினோம். அதை அழைக்கும்போது ஒரு தகவலைக் கொடுக்காமல் விட்டால் என்ன ஆகும்? இந்த வாரம் அதுதான்.

சித்தையன்கோட்டை பஸ் ஸ்டாப்பில் இறங்கி, ‘அண்ணே, ஒரு டீ’ என்றால் போதும். சர்க்கரை எவ்வளவு என்று யாரும் கேட்க மாட்டார்கள், வழக்கமான அளவு விழுந்துவிடும். வேண்டாதவர்தான் ‘சர்க்கரை இல்லாம’ என்று வாய் திறந்து சொல்லணும். மொத்தம் எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்று பெருக்கிச் சொல்லும் ஃபங்ஷனையும் அப்படியே எழுதலாம்:

டீ(கப், சர்க்கரை = 2)

(முன்னால் வரும் ‘ஃபங்ஷன்’ என்ற சொல்லைத்தான் ஆங்கிலத்தில் அடிக்கணும். பெயர்கள் தமிழிலேயே இருந்தாலும் ஜாவாஸ்கிரிப்ட் கோபித்துக்கொள்ளாது!)

டீ(3) என்று அழைத்தால் விடை 6. டீ(3, 0) என்றால் 0. அந்த ‘= 2’ இல்லாமல் டீ(3) என்று அழைத்திருந்தால் சர்க்கரை ‘அன்டிஃபைன்ட்’, விடை ‘நேன்’. அதாவது, எண்ணே இல்லை.

1995-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் இந்த மொழியின் முதல் வடிவத்தை உருவாக்கினார். ஆனால் இந்தச் சின்ன வசதி 2015-ல், இஎஸ்6 பதிப்பில்தான் வந்தது. அதற்கு முன்பு எல்லோரும் இப்படித்தான் சமாளித்தார்கள்:

சர்க்கரை = சர்க்கரை || 2

‘சர்க்கரை இருந்தால் அதை எடு, இல்லாவிட்டால் 2 போடு’ என்று அர்த்தம். சரியாகத்தானே இருக்கிறது? இல்லை. இந்த இரட்டைக்கோட்டுக்கு 0-வும் ‘இல்லை’தான், காலி எழுத்தும் ‘இல்லை’தான். சுகர் உள்ள மாமா தெளிவாக 0 என்று சொல்லியும் அவர் டீயில் 2 ஸ்பூன் விழும். சிவப்பு எழுத்தில் எந்த எரரும் வராது, அதுதான் ஆபத்து. டீயை விடுங்கள், பரீட்சை மார்க் 0, பாக்கித் தொகை 0 என்று வரும் இடத்தில் இதை நினைத்துப் பாருங்கள்.

புது முறையில் மதிப்பு ‘அன்டிஃபைன்ட்’ ஆக இருந்தால் மட்டுமே 2 வரும். 0 கொடுத்தால் 0-தான். ஆனால் ‘நல்’ வந்தாலும் 2 வராது. சர்வரிலிருந்து வரும் தகவலில் ‘நல்’ அடிக்கடி இருக்கும், அங்கே 2020-ல் வந்த ?? குறியைப் போடுங்கள். அது இரண்டையும் பிடிக்கும், 0-வைத் தொடாது. இன்னொன்று, விடக்கூடிய தகவலைக் கடைசியில் வையுங்கள்.

சொல்லாததை நிரப்பும் இந்த வேலை நம் பெயரிலும் விளையாடுகிறது. நம்மில் எத்தனையோ பேருக்கு இனிஷியலும் ஒரு பெயரும்தான். பாஸ்போர்ட்டில் பெயர் ஒன்றே என்றால், அமெரிக்க விசாவில் அது குடும்பப் பெயராகிவிடும். முதல் பெயர் இடத்தில் ‘எஃப்.என்.யூ’ என்று விழும். ‘முதல் பெயர் தெரியவில்லை’ என்பதன் சுருக்கம் அது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா கிடையாது என்றது. பிறகு, இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்று தளர்த்தியது.

நாளைக்கு நீங்கள் ஒரு ஃபார்ம் உருவாக்கினால், ‘கடைசிப் பெயர்’ கட்டத்தைக் கட்டாயமாக்காதீர்கள். டிஃபால்ட்டாகக் காலி எழுத்து போதும்.

இப்போது ஒரு வேலை: டீ(2, நல்) என்று அழைத்துப் பாருங்கள். வரும் விடைக்குக் காரணம் என்ன? அடுத்த வாரம் பேசுவோம்.