டங்ஸ்டன் வேணும்தான். ஆனா மண்ணை யார் பார்த்தாங்க?

1/ நீங்க எக்ஸ்ரே எடுக்கும்போது கதிர் உண்டாகிற குழாய்க்குள்ள டங்ஸ்டன் இருக்கு. அரசு மருத்துவமனையில தினமும் அதை நம்பித்தான் எலும்பு முறிவு பார்க்கிறோம். அதனால 'சுரங்கமே வேண்டாம்'னு சொல்ல வரல. தோண்டறதுக்கு முன்னாடி எதைப் பார்க்கணும், எப்போ பார்க்கணும்ங்கறதுதான் விஷயம்.

2/ மதுரை மேலூர் பக்கம் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி ஞாபகம் இருக்கா? 2015.51 ஹெக்டேர், கிட்டத்தட்ட 5,000 ஏக்கர். 2024 நவம்பர்ல ஏலம் முடிவாச்சு. அந்த எல்லைக்குள்ள அரிட்டாபட்டி பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமும் வந்துச்சு. மக்கள் போராடினாங்க, சட்டமன்றம் தீர்மானம் போட்டுச்சு. 2025 ஜனவரி 23-ல மத்திய அரசு ஏலத்தை ரத்து பண்ணுச்சு.

3/ நல்ல முடிவு. ஆனா வரிசையைக் கவனிங்க. முதல்ல பாறையில என்ன கனிமம்னு பார்க்கறாங்க. அப்புறம் ஏலம். அதுக்கும் அப்புறம்தான் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை, அதுல மண்ணுக்கு ஒரு சின்ன அத்தியாயம். ஆபரேஷன் தேதி குறிச்சு, தியேட்டரும் ரெடி பண்ணிட்டு, கடைசியா மயக்க டாக்டர்கிட்ட ஃபிட்னஸ் கேட்கிற கதை இது.

4/ முறையான மண் ஆய்வுன்னா என்ன? ஆள் இறங்கற அளவுக்குக் குழி வெட்டணும், ஒன்றரை மீட்டர் இல்லேன்னா பாறை தட்டுற வரைக்கும். ஒவ்வொரு அடுக்கோட நிறத்தையும் நிற அட்டையோட ஒப்பிடணும். ஈரமாக்கி விரல்ல உருட்டி களியா, மணலான்னு பார்க்கணும். ஒரு சொட்டு அமிலம் விட்டா சுண்ணாம்பு மண் நுரைக்கும். வேர் எவ்வளவு ஆழம் போயிருக்குன்னும் குறிக்கணும்.

5/ அதை வச்சு மண்ணை வகைப்படுத்தி வரைபடம் போடுவாங்க. நிலத்தோட திறனை எட்டு வகுப்பாப் பிரிப்பாங்க. முதல் நாலும் உழவுக்கு ஏத்தது. கடைசி நாலும் மேய்ச்சல், காடு மாதிரி உபயோகத்துக்கு.

6/ ஆனா பல அறிக்கைகள்ல நீங்க பார்க்கிறது என்ன? சுத்துவட்டாரம் 10 கிலோமீட்டருக்குள்ள சில இடத்துல மேல்மண் எடுத்து, அமிலத்தன்மை, தழை, மணி, சாம்பல் சத்துன்னு ஒரு அட்டவணை. இது பிபியும் சுகரும் மட்டும் பார்த்துட்டு நெஞ்சைத் திறக்கிற மாதிரி.

7/ மேல்மண் ஒரு அங்குலம் உருவாக நூற்றுக்கணக்கான வருஷம் ஆகும். 'தனியா எடுத்து வச்சு திரும்பப் போடுவோம்'னு சொல்வாங்க, விதியும் அப்படித்தான். ஆனா மலையாக் குவிச்சு வருஷக்கணக்கா வச்சா உள்ளே இருக்கிற உயிர்கள் காத்து இல்லாம செத்துப்போகும். அப்புறம் திரும்பப் போடறது மண்ணு இல்ல, வெறும் தூசு.

8/ எனக்கு இதுல என்ன அக்கறைன்னு கேட்பீங்க. எங்க பம்மல் ஏரியாவையே எடுத்துக்கோங்க. ஒருபக்கம் திரிசூலம், பல்லாவரம் கல்குவாரிப் பள்ளங்கள். இன்னொருபக்கம் தோல் தொழில். குரோம்பேட்டைங்கிற பேரே குரோம் தோல் தொழிற்சாலையால வந்ததுதான். குரோமியம் மண்ணுல இயல்பாவும் கொஞ்சம் இருக்கும். இன்னிக்கு அளந்தா எவ்வளவு இயற்கை, எவ்வளவு நாம கொட்டினதுன்னு பிரிக்க, பழைய அளவு கையில வேணும். நோயாளியோட பழைய ஈசிஜி இல்லாம புதுசை மட்டும் பார்த்துத் தடுமாறுவோமே, அதே நிலைமை. முன் அளவு இல்லேன்னா நஷ்டஈடு கேட்கவும் ஆதாரம் கிடையாது.

9/ இப்போ இன்னொரு கவலை. 2025 செப்டம்பர் 8-ல மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு குறிப்பாணை போட்டுச்சு. அணுக் கனிமம், முக்கியக் கனிமச் சுரங்கங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லைன்னு. டங்ஸ்டனும் முக்கியக் கனிமப் பட்டியல்ல இருக்கு. அதாவது 'என் மண்ணை எங்கே குழி வெட்டிப் பார்த்தீங்க?'ன்னு விவசாயி எழுந்து கேட்கிற அந்த ஒரு மேடையும் போயிடும். நோயாளியோட சம்மதக் கையெழுத்து வாங்காம கத்தி வைக்கலாமா?

10/ என் கருத்து நேரடியானது: குழி வெட்டி எடுத்த மண் வரைபடம் இல்லாம எந்தத் தொகுதியும் ஏலத்துக்குப் போகக் கூடாது. மண்ணாய்வு ஏலத்துக்கு முன்னாடி, தமிழ்ல, ஊர் மக்கள் கையில இருக்கணும். கருத்துக்கேட்பும் திரும்ப வரணும்.

11/ உங்க ஊர்ப் பக்கம் சுரங்கம், குவாரின்னு பேச்சு வந்தா கிராம சபையிலயும் ஆர்டிஐ-லயும் நாலே கேள்வி கேளுங்க: எத்தனை குழி? எவ்வளவு ஆழம்? எந்த வகுப்பு நிலம் எத்தனை ஏக்கர்? மேல்மண்ணை எங்கே, எத்தனை நாள் வைப்பீங்க?

பதிலை எழுத்துல வாங்கி பத்திரமா வைங்க. உங்க பிள்ளைகளுக்குத் தேவைப்படும்.