படிக்காமல் இடும் மதிப்பெண்

எடின்பரோ சர்வகலாசாலையில் பௌதிக சாஸ்திரம் போதித்து வந்த பீட்டர் ஹிக்ஸ், ஆராய்ச்சி மதிப்பீட்டின் பொருட்டு ஆசிரியர்கள் அண்மையில் பிரசுரித்த கட்டுரைகளின் ஜாபிதாவைத் துறையினர் கேட்டு அனுப்பும்போதெல்லாம், ‘ஒன்றுமில்லை’ என்று எழுதிக் கொடுத்துவிடுவாராம். அடிப்படைத் துகள்களுக்கு நிறை எவ்வாறு வாய்க்கிறது என்னும் கேள்விக்கு வழி திறந்த இரண்டு சிறு கட்டுரைகளை 1964-ல் எழுதிய அவர் (அவற்றுள் ஒன்றை முதலில் ஓர் இதழ் திருப்பி அனுப்பியது), அதன்பின் தம் ஆயுளில் பிரசுரித்தவை பத்துக்கும் குறைவு. 2013-ல் நோபெல் பரிசு கைக்கு வந்த சமயத்தில், இக்காலத்து முறைப்படி தமக்கு ஓர் ஆசிரியர் வேலைகூடக் கிடைத்திராது என்று அவரே பத்திரிகையாளரிடம் சொன்னார்.

அவர் பெயரால் ‘ஹிக்ஸ்’ என்று வழங்கும் துகளின் நிறையை ஜெனிவாவில் அளந்து கூறிய ஒரு கட்டுரை 2015-ல் வெளிவந்தது. அதற்கு ஆசிரியர்கள் 5,154 பேர். 33 பக்கங்களில் 24 பக்கங்கள் அவர்களுடைய பெயருக்கும் ஸ்தாபனங்களின் பெயருக்குமே சரியாய்ப் போயின. அந்த அளவைக்கு உதவிய மாபெரும் யந்திரத்தை நிர்மாணித்துக் காத்தவர்களின் உழைப்பை நான் பரிகாசம் செய்யவில்லை. ஆயின், பேராசிரியர் பதவிகளுக்கு நம்முடைய பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் வகுத்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு இந்தக் கட்டுரையைக் கணக்கிட்டுப் பார்த்தால் ஒரு விநோதம் புலப்படும். இருவர் சேர்ந்து எழுதினால் கட்டுரைக்குரிய மதிப்பெண்ணில் ஆளுக்கு 70 விழுக்காடு. இருவருக்கு மேற்பட்டால் முதன்மை ஆசிரியருக்கு 70, மற்ற ஒவ்வொருவருக்கும் 30. இருவர் எழுதிய கட்டுரை ஒன்றேகால் கட்டுரைக்கும் மேலாகிவிடுகிறது. ஜெனிவாக் கட்டுரையோ ஆயிரத்தைந்நூறு கட்டுரைகளுக்கும் மேலாகப் பெருகிவிடுகிறது! தனியே அமர்ந்து எழுதுகிறவன் மட்டும் இந்தக் கணிதத்தில் பெருகுவதே இல்லை.

கட்டுரைகளோடு அவை பெறும் மேற்கோள்களையும் எண்ணுகிறார்கள். அவ்வழக்கம் மனிதரை நிறுக்கும் தராசாகத் தோன்றியதன்று. அமெரிக்காவில் 1873 முதலே வக்கீல்களுக்கென ஒரு சுட்டி இருந்தது; ஒரு பழைய தீர்ப்பைப் பின்வந்த தீர்ப்புகள் ஏற்றனவா, தள்ளினவா என்று அதைப் புரட்டினால் தெரிந்துவிடும். அதே உபாயத்தை விஞ்ஞானத்துக்கும் கையாளலாம் என்று 1955-ல் எழுதிய யூஜீன் கார்ஃபீல்ட், 1964-ல் அத்தகைய சுட்டியை வெளியிடவும் செய்தார். ஒரு கருத்து எங்கே போய்ச் சேர்ந்தது என்று தேடுகிறவனுக்கு அது விலைமதிப்பற்ற சகாயம், இன்றும் அப்படித்தான். பிற்பாடு நியமனக் குழுக்களும் நிதி வழங்குவோரும் அதனை எடுத்துக்கொண்டு, தேடுவதற்கு உதவிய எண்ணையே தீர்ப்புக்கு ஆதாரமாக்கிக்கொண்டார்கள். 2005-ல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்னும் பௌதிக அறிஞர் வகுத்த ‘ஹெச் இண்டெக்ஸ்’ அந்தத் தீர்ப்பை இன்னும் சுருக்கி ஒற்றை எண்ணாக்கிவிட்டது: இருபது கட்டுரைகள் ஒவ்வொன்றும் இருபது தடவையேனும் மேற்கோளானால் இருபது. உலகையே புரட்டும் கட்டுரை ஒன்றை மட்டும் எழுதியவனுக்கு, அதை லட்சம் பேர் எடுத்தாண்டாலும், ஒன்று.

அந்த எண்ணிக்கைதான் எதைச் சொல்லுகிறது? கரைசலிலுள்ள புரதத்தை அளக்க ஒரு முறை கூறி, ஆலிவர் லௌரியும் அவர் கூட்டத்தாரும் 1951-ல் எழுதிய கட்டுரையை மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட தடவை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். டி.என்.ஏ.யின் அமைப்பை உலகுக்கு உணர்த்திய 1953-ஆம் வருஷத்துக் கட்டுரை அதன் அருகில்கூட நிற்க முடியாது. தம்முடையது பெரிய கட்டுரையன்று என்று லௌரியே ஒப்புக்கொண்டார். பரிசோதனைச் சாலைகளில் தினமும் கையாளும் முறையாதலால் எல்லோரும் அதைக் குறித்தார்கள், அவ்வளவே. தட்டம்மைத் தடுப்பூசியால் ஆட்டிசம் வருமோ என்ற பீதியைக் கிளப்பிவிட்டு, 2010-ல் திரும்பப் பெறப்பட்ட ‘லான்செட்’ மருத்துவ இதழின் கட்டுரைக்கும் மேற்கோள்கள் ஏராளம். அவற்றுட் பெரும்பாலானவை கண்டனங்கள். எண்ணும் யந்திரத்துக்கு வந்தனமும் நிந்தனையும் ஒன்றே.

தமிழ் நாட்டாருக்கு இதில் தனியானதோர் இடர்ப்பாடும் உண்டு. முன்னெழுத்து வைத்தெழுதும் நம் பெயரைக் குடும்பப்பெயர் கேட்கும் அந்நிய ஏடுகளில் விரித்து எழுதும்போது, தகப்பனார் பெயர் முன்னே வந்து நின்றுகொள்ள, ஆராய்ந்தவன் ஓர் எழுத்தாய்க் குறுகிவிடுகிறான். உழைப்பு மகனுடையது, மேற்கோள் தகப்பனாருக்கு. 2012-ல் ஏற்பட்ட ‘ஆர்க்கிட்’ என்னும் பதினாறு இலக்க அடையாள எண் இக்குழப்பத்தை ஓரளவு தீர்த்தது. தீராதது வேறொன்று: உ. வே. சாமிநாதையர் 1894-ல் புறநானூற்றை அச்சேற்றியிராவிட்டால் அதைப் பற்றிய ஆராய்ச்சியே வேறு விதமாய்ப் போயிருக்கும். எனினும் எழுதுகிறவர்களில் அநேகர் பாட்டின் எண்ணைக் குறிப்பார்களேயன்றிப் பதிப்பைக் குறிப்பது அபூர்வம். அப்படியே குறித்தாலும், தமிழ்ப் புத்தகத்தில் வரும் குறிப்பை, மேற்கோள்களை எண்ணித் தரும் ‘ஸ்கோப்பஸ்’ என்னும் சுட்டி எட்டிப் பார்ப்பதில்லை.

எண்ணிக்கையை ஆதரிப்போர் கூறும் வாதத்தில் நியாயமே இல்லையென்று நான் சொல்ல மாட்டேன். எண் இல்லாவிட்டால் சிபாரிசும் ஜாதியும் வேண்டியவர் வேண்டாதவர் என்ற பாரபட்சமும் நியமன அறையில் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்கிறார்கள். நம் கல்வி நிலையங்களின் சரித்திரம் அறிந்தவர் எவரும் அதை மறுக்கத் துணியார். ஆனால் அவை எண்ணுக்குள்ளும் புகுந்துவிட்டன. ஒருவரையொருவர் மேற்கோள் காட்டிக்கொள்ளும் கூட்டங்களும், ஆசிரியர் பட்டியலில் இடத்தை விலைக்கு விற்கும் வியாபாரமும், எழுதாத கட்டுரையில் துறைத் தலைவரின் பெயரைச் சேர்க்கும் சம்பிரதாயமும் எண்ணை நம்பியே வளர்ந்தவை.

ஜெர்மானிய ஆராய்ச்சி நிதிக் கழகம் 2010 முதல், விண்ணப்பிப்போர் தங்கள் வேலையில் முக்கியமானவற்றை மட்டும் சிலவாகத் தேர்ந்து தந்தால் போதும் என்று விதித்தது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் சர்வகலாசாலை, இதழ்களின் ‘தாக்கக் காரணி’யை, அதாவது அவற்றின் கட்டுரைகள் பெறும் சராசரி மேற்கோள் எண்ணிக்கையைப் பார்த்து ஆளெடுப்பதில்லை என்று 2021-ல் அறிவித்தது. நம் சர்வகலாசாலைகளும், விண்ணப்பிப்பவரிடம் மூன்று கட்டுரைகளையோ ஒரு நூலையோ மட்டும் கேட்டு வாங்கி, கூட்டு முயற்சியானால் அதில் அவர் செய்தது இன்னது என்றும் எழுதி வாங்கலாம். குழுவிலுள்ள ஒவ்வொருவரும் அவற்றைப் படித்துத் தம் அபிப்பிராயத்தைக் கையொப்பத்துடன் பதிவு செய்யவேண்டும். வேலை கிடைக்காதவர் கேட்டால் அதன் பிரதியை அவருக்குக் கொடுத்துவிடவும் வேண்டும்.